தயவுசெய்து அழித்துவிடாதீர்கள்

"எல்லாத்தையும் அழிச்சிட்டீங்களா டீச்சர்?" என்று வக்கீல் கேட்டார்.

"ஆமா, எல்லாத்தையும்" என்றேன். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

தாம்பரம் நீதிமன்ற வளாகத்தில் இலவச சட்ட உதவிக்கென்று ஒரு சின்ன அறை இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் அங்கே வக்கீல் கொடுப்பார்கள் என்பதை விவாகரத்துக்கு அலைந்த காலத்தில் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துத் தெரிந்துவைத்திருந்தேன். எனக்குக் கிடைத்தவர் என்னைவிடப் பத்து வயது சின்னப் பெண். வெளியே நவம்பர் மழை. நான் நனைந்த புடவையோடு உட்கார்ந்திருந்தேன். அவர் பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டு, "ஏன் அழிச்சீங்க?" என்றார்.

அதற்கு நான் சொன்ன பதில் ஓர் ஆசிரியைக்குத்தான் புரியும். சேலையூர் கேம்ப் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு பள்ளியில் பதினான்கு வருடமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மணி அடித்ததும், அடுத்து வருகிற ஆசிரியருக்குப் பலகையைச் சுத்தமாகத் துடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வகுப்பை விட்டு வெளியேற வேண்டும் என்பது எங்கள் பள்ளியில் எழுதாத சட்டம். துடைக்காமல் போகிறவர்களைப் பற்றி ஸ்டாஃப் ரூமில் மூன்று நாள் பேசுவோம். அந்தக் கை பழகிவிட்டது. ஒரு அசிங்கமான செய்தி வந்தால் படிப்பேன், உடனே துடைத்துவிடுவேன். ஏழு மாதம் இப்படியே துடைத்தேன்.

செய்தி அனுப்பியவன் என் முன்னாள் கணவன். அவனோடு வாழ்ந்த ஆறு வருடமும் 'அவர்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கே 'அவன்' என்றே எழுதுகிறேன். கேளம்பாக்கம் பக்கம் ஒரு கம்பெனியில் நல்ல வேலை, நல்ல சட்டை, சர்ச் சபையில் நல்ல பெயர். வீட்டுக்குள் எப்படி என்பதை விவாகரத்து மனுவில்கூட நாங்கள் எழுதவில்லை. பரஸ்பர சம்மதம் என்று நாகரிகமாக முடித்துக்கொண்டோம். தீர்ப்பு வருவதற்கு ஒரு மாதம் முன்பே, ஏப்ரலில், செய்திகள் ஆரம்பித்துவிட்டன. முதலில் என் எண்ணுக்கு வந்தன. "இனிமேல் எனக்கு எழுதாதீர்கள்" என்று ஒருமுறை தெளிவாக எழுதினேன். அதன்பிறகு தெரியாத எண்களிலிருந்து வந்தன. எண்ணைத் தடுத்தால் மறுநாள் வேறொரு எண் வரும்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது என் பெயரில், என் படத்தோடு சமூக வலைதளத்தில் ஒரு கணக்கு முளைத்தது. வண்டலூர் பூங்காவில் கல்யாணமான புதிதில் அவனே எடுத்த படம். அந்தக் கணக்கிலிருந்து என் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கு நட்பு அழைப்பு போனது. டீச்சர் கூப்பிடுகிறாரே என்று அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். பிறகு படங்கள் போயின. நைட்டியோடு தலையில் துண்டு கட்டிக்கொண்டு நான் காபி போடும் படம். கட்டிலில் தூங்கும் படம். எல்லாவற்றுக்கும் கீழே நான் எழுதியதுபோல் வாசகங்கள். அவற்றை இங்கே எழுத மாட்டேன்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவனே ஒவ்வொரு எண்ணிலிருந்தும் எனக்கு ஒரு நகல் அனுப்பிவைப்பான். பெற்றோர் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டில் பார்த்தால் வணக்கம் சொன்னார்கள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் சீக்கிரமாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள்.

காலாண்டு விடுமுறை முடிந்து வந்த அன்று தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"நான் உங்களை நம்பறேன் டீச்சர். ஆனா பேரண்ட்ஸ் பேசறாங்க. தாளாளர் கிட்ட ரெண்டு பேர் போயிட்டாங்க. பத்தாம் வகுப்பு, போர்டு எக்ஸாம் வருஷம். கொஞ்ச நாளைக்கு டென்த் 'பி'யை வேற டீச்சர் பாத்துக்கட்டும். நீங்க சட்டப்படி ஏதாவது பண்ணி, அதை அனுப்பறவன் இங்க தொந்தரவு பண்ண முடியாதுன்னு ஒரு பேப்பர் கொண்டாங்க. ஜனவரிக்குள்ள வந்தா வகுப்பு உங்களுக்கு. இல்லேன்னா அடுத்த வருஷம் பத்தி நான் எதுவும் சொல்ல முடியாது."

நம்புகிறேன் என்று சொல்லிவிட்டு 'ஆனால்' போடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இருந்தாலும் அவர் முகத்தைப் பார்த்தபோது அவரும் யாருக்கோ பதில் சொல்லியாக வேண்டியவர் என்று தெரிந்தது. டென்த் 'பி' பிள்ளைகள் எட்டாம் வகுப்பிலிருந்து நான் கூடவே கூட்டிக்கொண்டு வந்தவர்கள். வடிவியல் என்றால் ஓடி ஒளிகிற பதினொரு பேரை ஒவ்வொருவராகப் பிடித்து உட்காரவைத்திருந்தேன். அடுத்த மணியில் ஆறாம் வகுப்புக்குப் போய்ப் பின்னம் நடத்தினேன். பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் டென்த் 'பி'. புது டீச்சர் அவர்களுக்கு முக்கோணம் நடத்திக்கொண்டிருந்தது கேட்டது. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்த ஆத்திரத்தோடுதான் வக்கீல் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

நான் நோட்டைத் திறந்ததும் அவர், "நோட்ஸ் எடுக்காதீங்க டீச்சர், முதல்ல கேளுங்க" என்றார். போலிக் கணக்கை நடத்த விடுகிற கம்பெனிக்கே புகார் கொடுக்கலாம், உங்கள் பெயரில் வேறு ஒருவர் நடிக்கிறார் என்றால் அவர்கள் சீக்கிரம் எடுத்தாக வேண்டும் என்று விதி இருக்கிறது என்றார். "ஆனா அதுக்கு முன்னாடி தேதி, நேரம், அந்தக் கணக்கோட லிங்க் எல்லாம் தெரியற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கணும். அவசரப்பட்டு எடுக்க வெச்சா சாட்சியும் சேர்ந்து போயிடும்." பிறகு சைபர் கிரைம் போலீஸ். வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஒரு பெண்ணை இணையத்தில் விடாமல் தொடர்வது குற்றம். இன்னொருவர் பெயரில் கணக்கு வைத்து ஏமாற்றுவது தனிக் குற்றம்.

"வேண்டாம்னு எழுத்துல சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"எங்க அது?"

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். அவருக்கே புரிந்துவிட்டது.

அவர் கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் புதிது. குடும்ப வன்முறைச் சட்டம் அடி உதைக்கான சட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மனத்தை வதைப்பதும் அதில் வரும் என்றார். "போன், மெசேஜ், மெயில், எந்த வழியிலயும் தொடர்பு கொள்ளக் கூடாது, வேலை பாக்கற இடத்துப் பக்கம் வரக் கூடாதுன்னு மாஜிஸ்திரேட் பாதுகாப்பு உத்தரவு போடலாம். மீறினா அதுவே குற்றம். விவாகரத்து ஆயிடுச்சேன்னு அந்தப் பக்கம் வாதாடுவாங்க. ஆனா இது அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சது. பாத்துக்கலாம்."

தலைமையாசிரியை கேட்ட பேப்பர் இதுதான் என்று எனக்கு உடனே பட்டது. ஆனாலும் ஆத்திரம் விடவில்லை. "அவதூறு வழக்கு போட முடியாதா?" என்றேன்.

"போடலாம். வருஷக்கணக்கா நீங்கதான் கோர்ட்டுக்கு நடக்கணும். உங்களுக்கு வேண்டியது அவன் வாயை மூடறதா, அவனை அழ வைக்கிறதா?"

"ரெண்டும்."

அவர் சிரித்துவிட்டார். "முதல்ல மூடுவோம் டீச்சர்."

மூன்றாம் நாள் சைபர் கிரைம் பிரிவுக்குப் பதினொரு பக்கப் புகாரோடு போனேன். இரண்டு இரவு உட்கார்ந்து எழுதியது. கல்யாணத்தில் ஆரம்பித்திருந்தேன். அங்கிருந்த பெண் உதவி ஆய்வாளர் மூன்று பக்கம் பொறுமையாகப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"மேடம், நீங்க தமிழ் டீச்சரா?"

"மேத்ஸ்."

"அப்ப நம்பரா குடுங்க மேடம். என்ன தேதி, எத்தனை மணி, எந்த நம்பர்லேருந்து, யாருக்கு. மனசு கஷ்டத்தை நான் புரிஞ்சுக்கிட்டேன். கோர்ட்டுக்கு இதுதான் வேணும்."

சுருக்கென்றது. ஆனால் விடைத்தாளில் கதை எழுதுகிற பிள்ளைகளிடம் நானும் இதைத்தான் சொல்வேன். அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, கட்டம் போட்டு ஒரு பக்கமாகச் சுருக்கினேன். அந்த ஒரு பக்கத்திலும் பாதிக் கட்டங்கள் காலியாக இருந்தன. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ரசீது கொடுத்தார்கள். உதவி ஆய்வாளர் எழுந்து என்னோடு வாசல்வரை வந்தார். "அவன் அந்தக் கணக்கை மூடிட்டு வேற ஆரம்பிச்சிருப்பான். பழைய லிங்க் கிடைச்சா கம்பெனிக்கு எழுதி, எங்கேருந்து நடத்தினான்னு கேக்கலாம். உங்க போன்ல இல்லேன்னா என்ன, அவன் அனுப்பின ஆளுங்க போன்ல இருக்குமே. அவங்களைக் கேளுங்க."

அவர்களைக் கேட்பதா? ஏழு மாதமாக நான் எதைப் பார்க்காததுபோல் நடந்துகொண்டிருந்தேனோ, அதை அவர்கள் முன்னால் நானே எடுத்து வைக்க வேண்டும். ஸ்கூட்டியில் ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது, வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், எங்காவது போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். பிறகு அந்தப் பதினொரு பேர் நினைவுக்கு வந்தார்கள். நான் போய்விட்டால் அவன் ஜெயித்தது மாதிரி என்பதும் நினைவுக்கு வந்தது. இரண்டில் எது என்னை நிறுத்தியது என்று சொல்லத் தெரியவில்லை.

பெற்றோர் கூட்டம் ஒரு சனிக்கிழமை. முதலில் எல்லோரையும் ஹாலில் உட்காரவைத்துத் தலைமையாசிரியை பேசுவார், பிறகு வகுப்புவாரியாகப் பிரிவார்கள். அவர் பேசி முடித்து மைக்கைக் கீழே வைத்ததும் நான் போய் எடுத்தேன். அனுமதி கேட்கவில்லை. கேட்டால் 'நம்புகிறேன், ஆனால்' என்பார். யார் பெயரையும் சொல்லக் கூடாது என்று மட்டும் வக்கீல் எச்சரித்திருந்தார்.

"உங்கள்ல பல பேருக்கு என் பேர்ல, என் படத்தோட மெசேஜ் வந்திருக்கும். அதை அனுப்பினது நான் இல்லை. யார்னு போலீஸ் விசாரிக்கறாங்க. எனக்கு சங்கடமா இருக்கக் கூடாதுன்னு நீங்க யாரும் என்கிட்ட கேக்கல. அதுக்கு நன்றி. எனக்காக அழிச்சிருந்தாலும் நன்றி. இன்னும் அழிக்கலேன்னா, தயவுசெஞ்சு அழிச்சிடாதீங்க. அது எனக்கு வேணும்."

முன் வரிசையில் ஒரு அப்பா, "டீச்சர், இதெல்லாம் இங்க பேசணுமா, பசங்க இருக்காங்க" என்றார்.

"பசங்களுக்கும் தெரியும் சார்" என்றேன். "அவங்களும் பாத்திருக்காங்க. பாத்துட்டு என்ன பண்ணணும்னு தெரிஞ்சுக்கட்டும்."

மைக்கை வைத்துவிட்டு ஸ்டாஃப் ரூமுக்கு வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே போன் அதிர ஆரம்பித்தது. மதியத்துக்குள் முப்பதுக்கும் மேல் ஸ்கிரீன்ஷாட்டுகள். ஒவ்வொன்றின் மேலும் அனுப்பியவரின் முகம் தெரிந்தது. இவர் பார்த்திருக்கிறார், இவரும் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத்தான் ஆசிரியர் தினத்துக்கு எனக்குப் பேனா வாங்கிக் கொடுத்திருக்கிறார். கூச்சத்தில் உடம்பு எரிந்தது. அதே நேரத்தில் அவர்கள் மேல் ஒரு பிரியமும் வந்தது.

ஆனால் வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாதாம். இது என் போன்தான், இதிலிருந்துதான் எடுத்தேன், எதையும் மாற்றவில்லை என்று போனுக்குச் சொந்தக்காரர் ஒரு சான்றில் கையெழுத்துப் போட வேண்டும். அதைச் சொன்னதும் கைகூப்பும் படங்கள் வந்தன. "எங்க பேர் வேணாம் டீச்சர்." "வீட்ல பொண்ணு இருக்கு டீச்சர்." ஒருவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். நான் மட்டும் என்ன, ஏழு மாதம் வாயைத் திறந்தேனா?

கையெழுத்துப் போட வந்தவர் ஒரே ஒருவர். கேம்ப் ரோட்டில் தையல் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா. அவர் மகனை நான் எத்தனையோ தடவை வகுப்புக்கு வெளியே நிற்கவைத்திருக்கிறேன்.

"இன்னா டீச்சர், ஒரு கையெழுத்துக்கு இவ்ளோ பேஜாரா? என்கிட்ட அப்படியே கீது. எனக்கு அழிக்கவே தெரியாது. எங்க போடணும் சொல்லுங்க, கடையத் தொறந்து வெச்சுட்டு வந்துகீறேன்."

அவர் போனில் அந்தக் கணக்கின் லிங்க் கிடைத்தது. முதல் தகவல் அறிக்கை பதிவானது. அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது அழுதேன். உதவி ஆய்வாளர் பார்க்காததுபோல் வேறு கோப்பைப் புரட்டினார். ஆனால் கம்பெனியிடமிருந்து பதில் வர மாதங்கள் ஆகலாம் என்றார். அதுவரை அந்தக் கணக்கு அவனுடையதுதான் என்று காட்ட எதுவுமில்லை. எனக்கு வேண்டிய பாதுகாப்பு உத்தரவுக்கும், அவன் பெயரைத் தொடுகிற ஏதாவது ஒன்று வேண்டும் என்றார் வக்கீல். டிசம்பர் வந்துவிட்டிருந்தது.

இத்தனை நாளும் நான் அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. அப்பா போன பிறகு அம்மாவும் நானும் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஓர் அடுக்ககத்தில் இருக்கிறோம். என் விவாகரத்தையே அவள் ஒரு நோயைப் போலத் தாங்கிக்கொண்டவள். இது தெரிந்தால் இடிந்துபோவாள் என்று நினைத்தேன். வகுப்பு மாறியதைக்கூடச் சொல்லவில்லை. ஆனால் தையல் கடைக்காரம்மா காய்கறிக் கடையில் பார்த்து, "உங்க பொண்ணு தைரியசாலிம்மா" என்று சொல்லிவிட்டார். அன்று ஞாயிற்றுக்கிழமை, சபை முடிந்து மத்தியானச் சாப்பாடு. அம்மா தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, "என்ன கேஸ்?" என்றாள்.

சொன்னேன். படங்களைப் பற்றி, பத்தாம் வகுப்பைப் பற்றி, எல்லாவற்றையும் அழித்த என் முட்டாள்தனத்தைப் பற்றி. அவள் சாப்பிடவில்லை, அழவும் இல்லை. கையைக் கழுவிவிட்டு உள்ளே போனாள். அவளுடைய போனை எடுத்துவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது உதவுமா பாரு."

அதில் அவன் இருந்தான். தெரியாத எண் எதுவும் இல்லை, அவனுடைய சொந்த எண். மாமியாரிடம் ஒளிந்துகொள்ள வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. ஏப்ரலிலிருந்து அன்று காலைவரை. "அத்தை, உங்க பொண்ணுக்கு புத்தி சொல்லுங்க." "அத்தை, நாளைக்கு அவ ஸ்கூல் ஆளுங்களுக்கு ஒரு படம் போகுது. பாக்கறீங்களா?" கீழே அந்த நைட்டிப் படம். மறுநாள் தேதியில்தான் அது பெற்றோருக்குப் போயிருந்தது. தையல் கடைக்காரம்மாவின் போனில் அந்தத் தேதி இருக்கிறது. வக்கீல் தேடிய சாட்சி எங்கள் வீட்டுப் ஜீரோ வாட்ஸ் விளக்குக்குக் கீழே சார்ஜில் கிடந்திருக்கிறது.

அம்மா வேலையில் இருந்த காலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் இணைத்துக் கொடுக்கும் ஆபரேட்டர். ஊரார் பேச்செல்லாம் காதில் விழும். ஆனால் லைனில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது அந்த வேலையின் முதல் விதி. முப்பது வருடம் அந்த விதியில் இருந்தவள். கேட்டதை யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட.

ஆனால் பதில் எழுதியிருந்தாள். ஒவ்வொன்றுக்கும். அதைப் பார்த்ததும்தான் எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "வேண்டாம் மாப்பிள்ளை." "கோபப்படாதீங்க மாப்பிள்ளை, நல்லா இருப்பீங்க." தினமும் காலையில் பூப் போட்ட பைபிள் வசனப் படம். தினமும் ராத்திரி, "கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பார்."

"அவனை ஆசீர்வதிக்கிறியாம்மா நீ?" என்று கத்தினேன். "என்னை இப்படிப் பண்றவனுக்கு வசனம் அனுப்பறியா?"

"பின்ன என்ன எழுதச் சொல்ற?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ தாங்க மாட்டேன்னு நெனச்சேன்."

நானும் அவளைப் பற்றி அதையேதான் நினைத்திருந்தேன். ஆனால் அன்று அதைச் சொல்லவில்லை. சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அது தப்பு. அந்த ஏப்ரலிலிருந்து டிசம்பர்வரை நான் தூங்கிய இரவுகளில் அவள் உட்கார்ந்து அவனைக் கெஞ்சிக்கொண்டிருந்தாள் என்பது மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது.

வக்கீல் போனைப் பார்த்துவிட்டு, "இது தங்கம்" என்றார். பிறகு மேலேயிருந்து மறுபடி படித்தார். "ஆனா அம்மாவோட பதிலும் சேர்ந்துதான் போகும். ஒரு எழுத்தைக்கூட அழிக்கக் கூடாது. அழிச்சா மாத்தினதா ஆயிடும். அந்தப் பக்கத்து வக்கீல் இந்த ஆசீர்வாதத்தை விடமாட்டார், தயாரா இருங்க." இனிமேல் பதில் எழுதக் கூடாது, அவனைத் தடுக்கவும் வேண்டாம், வருவது வரட்டும் என்று அம்மாவிடம் சொன்னார். விசாரணை வரும்வரை ஐந்து வாரம் அம்மாவுக்குப் பெரிய பாடு. போன் மினுங்கும்போதெல்லாம் கையை முந்தானையில் சுற்றிக்கொள்வாள். சான்றில் கையெழுத்துப் போடும்போது முழுப் பெயரையும் எழுதினாள், பென்ஷன் புத்தகத்தில் போடுவதுபோல.

ஜனவரி கடைசியில் இடைக்கால உத்தரவுக்கான விசாரணை வந்தது. திருப்புதல் தேர்வுகள் ஆரம்பித்துவிட்டன. இந்த முறை தள்ளிப்போனால் டென்த் 'பி' எனக்கு இல்லை. அவன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். அம்மாவைப் பார்த்து வணக்கம்கூடச் சொன்னான். அம்மா பழக்கத்தில் கையைத் தூக்கி, பாதியில் இறக்கிக்கொண்டாள்.

எதிர்பார்த்ததுபோலவே அவனுடைய வக்கீல் அம்மாவின் செய்திகளை எடுத்தார். குரலை ஏற்றி இறக்கி வாசித்தார். "மாப்பிள்ளை, நல்லா இருப்பீங்க. கர்த்தர் ஆசீர்வதிப்பார். ஒரு நாள் இல்ல ஐயா, எட்டு மாசம், தினமும். மிரட்டப்பட்ட ஒரு அம்மா எழுதற எழுத்தா இது? குடும்பத்துக்குள்ள பாசமா பேசிக்கிட்டதை, கோபத்துல ரெண்டு வார்த்தை கூடப் போனதை, இன்னிக்கு வழக்கா மாத்தியிருக்காங்க."

கேட்பதற்கு அது நியாயமாகவே இருந்தது. நானே அம்மாவிடம் கத்தியதும் அதைத்தானே. எங்கள் வக்கீல் எழுந்து பதில் சொல்ல ஆரம்பித்தார். மாஜிஸ்திரேட் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, பின்னால் நின்ற அம்மாவைப் பார்த்தார்.

"நீங்கதான் எழுதினீங்களாம்மா?"

"ஆமாங்கய்யா."

"பயமுறுத்தறவருக்கு எதுக்கும்மா ஆசீர்வாதம்?"

அம்மா ஒரு அடி முன்னால் வந்தாள். முப்பது வருடம் லைனில் பேசிய குரல், தெளிவாக வந்தது.

"தெருவுல வெறிநாய் குறுக்க நின்னா, 'போ ராஜா, போடா கண்ணு'ன்னுதான்யா சொல்லுவோம். பாசத்துலயா சொல்றோம்? பின்னாடி என் பொண்ணு நிக்கறா."

பெஞ்ச் கிளார்க் குனிந்துகொண்டார். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். நேரிலோ தொலைபேசியிலோ எந்த மின்னணு வழியிலோ மனுதாரரையோ அவர் தாயாரையோ தொடர்புகொள்ளக் கூடாது, அவர் பணிபுரியும் பள்ளிக்குள் நுழையவோ அங்குள்ளவர்கள் வழியாகத் தொந்தரவு செய்யவோ கூடாது. வழக்கு முடியும்வரை இது இடைக்கால உத்தரவு. போலீஸ் வழக்கு தனியாக நடக்கும். இன்றைக்கும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

உத்தரவு நகல் கைக்கு வர மாலை நாலு மணி ஆனது. படம் எடுத்துத் தலைமையாசிரியைக்கு அனுப்பினேன். ஆட்டோ சானடோரியத்தைத் தாண்டுவதற்குள் பதில் வந்தது. "திங்கள் முதல் பீரியட் டென்த் பி. ட்ரிக்னாமெட்ரி இன்னும் முடியல." அவ்வளவுதான், மன்னிப்பு எதுவும் இல்லை. நான் அந்த இரண்டு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அம்மாவும் பக்கத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வக்கீலம்மா இனிமே பிளாக் பண்ணிக்கலாம்னு சொன்னாங்களே. எப்படிப் பண்றது?"

வாங்கிப் பண்ணப் போனேன். தரவில்லை. "நீ சொல்லு, நான் பண்றேன்."

எங்கே தொட வேண்டும் என்று சொன்னேன். விரல் அங்கே போய் நின்றது. ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவள் அழுத்தவில்லை.

"என்னம்மா?"

"இரு. முதல்ல இதை மாத்தணும்." அவள் திரையின் மேல்பக்கத்தைக் காட்டினாள். அவன் எண்ணை அவள் 'மாப்பிள்ளை' என்றுதான் சேமித்து வைத்திருந்தாள்.

"என்ன பேர் போடறது?" என்றேன்.

"பேர் வேணாம். வெறும் நம்பரா இருக்கட்டும்" என்றாள்.